கீரைக்கு விளக்கு: முதலில் எர்த், அப்புறம்தான் வெளிச்சம்

கேள்வி: எங்கள் ஃபிளாட் தரைத்தளத்தில் இருக்கிறது. வாஷிங் மெஷின் வைத்திருக்கும் சர்வீஸ் ஏரியாவில் நான்கடி நீள இரும்பு ரேக் போட்டு, தட்டுகளில் வெந்தயக்கீரையும் சிறுகீரையும் விதைத்திருக்கிறேன். ஜன்னல் வழியாகக் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில் வரும். நாற்றுகள் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடுகின்றன. ஆன்லைனில் ஊதா நிற எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி ரேக்கில் கட்டினோம். அதன் பிளக் நம் சாக்கெட்டில் சேரவில்லை. அதனால் ஒரு அடாப்டர் போட்டு, தரையில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போது ரேக்கைத் தொட்டால் சில நேரம் விரலில் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது. இந்த விளக்கு போதுமா, இன்னொன்று வாங்கட்டுமா?
வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இன்னொன்று வாங்குவது இருக்கட்டும் அம்மா. இதைப் படித்த கையோடு போய், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருக்கும் சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். கை ஈரமில்லாமல், காலில் ரப்பர் செருப்போடு போங்கள். பிளக்கைப் பிடுங்கும்வரை ரேக்கைத் தொட வேண்டாம்.

லேசாகத்தானே இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்ததே அந்தச் ‘சுர்’தான். உலோக உடம்புள்ள விளக்குக்கு எர்த் வேண்டும். அதற்குத்தான் மூன்றாவது பின். நீங்கள் போட்டிருக்கும் அடாப்டரில் பெரும்பாலும் அந்த எர்த் இணைப்பு அறுந்து போயிருக்கும். விளக்குக்குள் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் விளக்கின் உடம்பிலும், அதைக் கட்டியிருக்கும் இரும்பு ரேக்கிலும் நிற்கிறது. நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கிறது. இன்றைக்கு அது சின்னக் கசிவாக இருக்கலாம். உள்ளே ஒரு வயரின் இன்சுலேஷன் போனால் அதே ரேக்கில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத் தரை, வெறுங்கால், உரம் கரைத்த தண்ணீர் என்று எல்லாமே அங்கே மின்சாரத்துக்கு வசதியாக இருக்கின்றன. உரம் கலந்த தண்ணீரில் உப்புகள் இருப்பதால் அது சாதாரணத் தண்ணீரைவிட நன்றாகவே கடத்தும்.

நான் வயரிங் வேலை பார்த்தவன். சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், கழற்றிப் பார்த்தால் மேல் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. பழைய வீடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து இரண்டு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா? அடுத்து, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? எம்.சி.பி. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றுவது. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். ஆள் வழியாகக் கசியும் மின்சாரத்தைக் கவனித்து நொடிக்குள் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. அதில் ‘டி’ என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் மாற்றிவிடுங்கள். இந்தச் செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இது முடிந்த பிறகு வெளிச்சத்துக்கு வருவோம். ஊதா விளக்கில் செடி வளராது என்று சொல்லவில்லை, வளரும். ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பழுத்திருப்பதும் அடியில் அசுவினி ஒட்டியிருப்பதும் நம் கண்ணுக்குத் தெரியாது. கீரைக்குச் சாதாரண வெள்ளை எல்.இ.டி. டியூப்பே தாராளம். ‘கூல் டேலைட்’ என்று விற்கும் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) டியூப், நான்கடி, 20 வாட் வாங்குங்கள். உங்கள் ரேக்கில் ஒரு தட்டு வரிசைக்கு மூன்று டியூப் போட்டால் சிறுகீரை தண்டு தடித்து வரும். இலை நுனிக்கும் டியூப்புக்கும் அரை அடியிலிருந்து முக்கால் அடி இடைவெளி விடுங்கள். நாற்று நீண்டு போவதற்கு முக்கால்வாசிக் காரணம் விளக்கு உயரத்தில் இருப்பதுதான். இலை உயரத்தில் புறங்கையை அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள், சூடு தெரிந்தால் விளக்கைக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.

டியூப்பை டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஈரக் காற்றில் பசை விட்டுப்போய் ஒருநாள் தண்ணீர்த் தட்டிலேயே விழும். சின்னச் சங்கிலியில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் செடி வளர வளர உயர்த்தவும் வசதி. துவைக்கிற இடம் என்பதால் ஐ.பி.65 என்று போட்ட, அதாவது தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் உள்ளே போகாத, மூடியுள்ள ஃபிட்டிங் வாங்குவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் இருக்கவே கூடாது. தண்ணீர் தெறிக்காத சுவரில், நெஞ்சு உயரத்தில் தனி சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். வயர் நேராக சாக்கெட்டுக்குள் இறங்காமல், சாக்கெட்டைவிடக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தண்ணீர் ஊற்றும் நேரத்தில் விளக்கு எப்போதும் ஆஃப்.

கரண்ட் பில்லைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூன்று டியூப் சேர்ந்து 60 வாட். தினம் 12 மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 43 யூனிட் சேரும்.

கேள்வி: வீட்டுக்குள் கொத்தமல்லி வளர்க்கிறேன். சீக்கிரம் வளரட்டும் என்று 18 மணி நேரம் விளக்கு போடுகிறேன். இலை விடுவதற்குள் பூத்துவிடுகிறது. ஏன்?
வாசகர், ஈரோடு

பதில்: கொத்தமல்லி நீண்ட பகலைப் பார்த்தால் பூக்கத் தொடங்கும் செடி. நீங்கள் 18 மணி நேரம் பகல் காட்டுகிறீர்கள், அறையும் சூடாக இருக்கும், அது வேறென்ன செய்யும்? 12 மணி நேரத்துக்குக் குறையுங்கள். சில செடிகளுக்கு இருட்டும் கட்டாயம் தேவை. தக்காளிக்கு 24 மணி நேரமும் விளக்கு போட்டால் இலையே வெளுத்துக் கெட்டுப்போகும்.

நேரத்தை நினைவு வைத்துக்கொள்ள டைமர் பிளக் கிடைக்கிறது. முள் சுற்றும் மாடல் கரண்ட் போனால் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் கட் என்றால் அதன் நேரமும் ஒரு மணி பின்தங்கும். அடிக்கடி கரண்ட் போகும் பகுதியாக இருந்தால் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

கேள்வி: வெளிச்சம் வீணாகாமல் இருக்க ரேக்கைச் சுற்றி அலுமினிய ஃபாயில் ஒட்டலாமா?
வாசகி, தென்காசி

பதில்: வேண்டாம். ஃபாயில் மின்சாரத்தைக் கடத்தும். கிழிந்த ஓரம் ஒன்று பிளக்கிலோ வயர் ஜாயின்டிலோ பட்டால் ரேக் முழுவதும் கரண்ட் பாயும். பின்சுவருக்கு மேட் வெள்ளை பெயின்ட் அடியுங்கள், அதுவே வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். திரைத்துணி, பிளாஸ்டிக் ஷீட் எதையும் டியூப்பின் டிரைவர் பெட்டிமேல் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பகுதி) போர்த்தாதீர்கள். அதில் சூடு சேரும், அதைச் சுற்றிக் காற்று போக வேண்டும்.