வாசகர் கேள்வி பதில்: மார்மன் பெண்கள் எழுதி வைத்த வரலாறு

கேள்வி: பலதார மணத்தை ஏற்றிருந்த, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் பெண்ணுரிமைப் பேச்சுக்கு இடம் இருந்ததா? (வாசகி, நாகர்கோவில்)

நிறையவே இருந்தது. மார்மன்கள் குடியேறி வாழ்ந்த அமெரிக்க மேற்குப் பகுதியான யூட்டாவில் பெண்களுக்கு 1870-லேயே ஓட்டுரிமை வந்துவிட்டது. அவர்களே ஓட்டுப் போட்டுப் பலதார மணத்தை ஒழித்துவிடுவார்கள் என்று வெளியில் பலர் கணக்குப் போட்டார்கள்; அது நடக்கவில்லை. 1887-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த உரிமையைப் பறித்தது. 1896-ல் யூட்டா தனி மாநிலமானபோது திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற டாக்டர் மாநில செனட்டுக்குத் தேர்வானார்; அந்தத் தேர்தலில் தோற்றவர்களில் அவர் கணவரும் உண்டு. பிற்காலத்தில் நிலைமை மாறியது. ஆண்–பெண் சமத்துவத்தை அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கும் சம உரிமைத் திருத்தத்துக்காகப் போராடிய சோனியா ஜான்சனை 1979-ல் சபை நீக்கியது.

கேள்வி: மார்மன் பெண் எழுத்தாளர் எமலைன் வெல்ஸ் எழுதியவற்றைத் தேடினால் கொஞ்சமே கிடைக்கிறது. எப்படித் தேடுவது? (ஆய்வு மாணவி, திருச்சி)

‘வெல்ஸ்’ என்று மட்டும் தேடினால் பாதிதான் வரும். பிறந்த வீட்டுப் பெயர் உட்வர்ட். மூன்று திருமணங்களால் ஹாரிஸ், விட்னி, வெல்ஸ். நான்கையும் போடுங்கள். ‘உமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ (1872–1914) என்ற மார்மன் பெண்கள் பத்திரிகையை 1877 முதல் கடைசிவரை நடத்தியவர் அவர்தான். அதில் ‘ஆன்ட் எம்’, ‘பிளான்ச் பீச்வுட்’ என்ற புனைபெயர்களிலும் எழுதினார். நாட்குறிப்புகள் மட்டும் 47.

அச்சில் வந்ததை அப்படியே நம்பிவிடாதீர்கள். சபையின் பெண்கள் அமைப்பான ரிலீப் சொசைட்டி 1842 மார்ச் 17-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநில நாவூ நகரில் தொடங்கியது. கூட்டக் குறிப்புகளை எழுதியவர் செயலாளர் எலைசா ஸ்னோ. அந்த ஏப்ரலில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித், “சாவியை உங்களிடம் திருப்புகிறேன்” என்று பெண்களிடம் பேசியதாக எலைசாவின் கையெழுத்துப் பிரதி சொல்கிறது. பின்னர் சபை வரலாறு தொகுக்கப்பட்டபோது அது “உங்கள் சார்பில் திருப்புகிறேன்” என்று ஆகிவிட்டது. அதிகாரம் பெண்கள் கைக்கு வந்ததா என்ற வாதமே இந்த இரண்டு சொல்லில்தான் நிற்கிறது. எலைசா அந்தக் குறிப்பேட்டை யூட்டா வரை பத்திரமாகக் கொண்டுபோயிராவிட்டால் நமக்கு எது அசல் என்றே தெரிந்திருக்காது. அதன் பக்கப் படங்கள் இணையத்தில் இலவசம். முதலில் படத்தைப் படியுங்கள், பிறகு அச்சை.

கேள்வி: இப்படிப்பட்ட பழைய நாட்குறிப்புகளைக் கெடாமல் எப்படி வைப்பது? (நூலகர், கோவை)

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. செலோ டேப்பும் கூடாது. பசை பழுத்து எழுத்துக்குள் இறங்கும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, மெதுவாக நெம்பி எடுங்கள். இடையில் செய்தித்தாள் நறுக்கு இருந்தால் தனி உறையில் போடுங்கள். அதிலுள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். எது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்த பிறகே நகர்த்த வேண்டும்.

ஸ்கேன் 400 டிபிஐ, டிஃப் கோப்பாக. பொடி எழுத்துக்கு 600. மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். பட்டியலில் ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயரைப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரே வீட்டில் பல மனைவியர் இருந்த சமூகத்தில் அந்தப் பெயர் யாரையும் அடையாளம் காட்டாது. எழுதியவரின் சொந்தப் பெயர், பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஆண்டு மூன்றும் வேண்டும்.