படத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் அதே நாலு வரிதானா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற கேள்விக்கு மட்டும் 5க்கு 2 அல்லது 3தான் வாங்குகிறாள். எந்தப் படம் வந்தாலும் மனப்பாடம் செய்த அதே வரிகளை எழுதிவிடுகிறாள். வாயால் கேட்டால் நன்றாகச் சொல்கிறாள். எப்படிப் பழக்குவது?

பதில்: வாயால் நன்றாகச் சொல்கிறாள் என்கிறீர்களே, அதுவே போதும் அம்மா. கண் பார்த்துவிட்டது, பேனாதான் பயப்படுகிறது. அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் மனப்பாட வரிகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். பல வருடங்கள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரியை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரே விடைத்தாள் கட்டுக்குள் பத்துப் பேர் அதையே எழுதியிருப்பார்கள்.

பெண்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கும் படம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "இந்தக் காட்சி என் மனத்தைக் கவர்ந்தது. பெண்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள். தண்ணீர் மிகவும் முக்கியம். தண்ணீரைச் சேமிப்போம்." இதில் படம் ஒரு வரியில் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் படத்தைப் பார்க்காமலே எழுதக்கூடியவை.

இப்போது இதைப் படியுங்கள்:

"குழாயடியில் ஏழு குடங்கள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் நூல் போல இறங்குகிறது. முதல் குடம் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. அதன் கழுத்தைப் பிடித்துக் குனிந்திருக்கும் பெண் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரிசையின் கடைசியில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. தோளில் புத்தகப்பை, கையில் காலிக்குடம்."

பற்றாக்குறை என்ற சொல்லே இல்லை. ஆனாலும் தண்ணீர்க் கஷ்டம் புரிந்துவிடுகிறது, அந்தச் சிறுமி பள்ளிக்குப் போவாளா என்ற கவலையும் வந்துவிடுகிறது. நம் பழைய புலவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நெடுநல்வாடையில் நக்கீரர் குளிரைக் காட்டுகிற இடத்தைப் பாருங்கள். விலங்குகள் மேய்ச்சலை மறந்து நிற்கின்றன. பால் குடிக்க வரும் கன்றைக் கறவை மாடு உதைத்துத் தள்ளுகிறது. தாயே கன்றை உதைக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட குளிர்!

சரி, வீட்டில் எப்படிப் பழக்குவது? பழைய வினாத்தாள் படம் ஒன்றைக் கொடுத்து, முதலில் பேசச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ எங்கே நின்று பார்க்கிறாய்? முதலில் எது கண்ணில் படுகிறது? மற்றவர்கள் கவனிக்காத சின்ன விஷயம் ஒன்று சொல். அப்புறம் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே அவளே எழுதட்டும். பேச்சு நடையை எழுத்து நடைக்கு மாற்றுவது மட்டும்தான் அங்கே வேலை. ஒரு மாதத்துக்கு 'அழகு', 'மிகவும்', 'கண்கொள்ளாக் காட்சி' மூன்றுக்கும் தடை போடுங்கள். முதல் வாரம் திணறுவாள். திணறட்டும், அப்போதுதான் கை வேறு சொல்லைத் தேடும்.

அந்தச் சொற்களுக்கு எங்கும் அலைய வேண்டாம். அவளுடைய பாடநூலின் முதல் இயலிலேயே தேவநேயப் பாவாணரின் சொல்வளப் பாடம் இருக்கிறது. புளிக்கும் வேம்புக்கும் இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை, காய்ந்து போன இலைக்குச் சருகு. கீழே விழுந்த பூவுக்கு வீ, வாடியதற்குச் செம்மல். ஒரு மதிப்பெண் வினாவுக்காக இதையெல்லாம் படித்துவிட்டு, படத்தைப் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் 'இலை', 'பூ' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். 'மரத்தடியில் இலைகள் கிடந்தன' என்பதைவிட 'மரத்தடியில் சருகுகள் சலசலத்தன' என்பதில் காற்றும் சேர்ந்து வருகிறதே! இரட்டைக்கிளவி ஒன்று போதும், வரிக்கு வரி வேண்டாம்.

கவிதை போல மடக்கி எழுதுவதா, பத்தியாக எழுதுவதா என்பதை அவளுடைய தமிழாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் எதுகைக்காகப் படத்தில் இல்லாததை இழுத்துவரக் கூடாது. கருத்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வரி, அதுவும் படத்திலிருந்தே வரட்டும்.

இதே பழக்கம் 8 மதிப்பெண் கட்டுரைக்கும் உதவும். அரசுப் பொருட்காட்சிக்குச் சென்று வந்ததை எழுதச் சொன்னால், எல்லா அரங்குகளையும் பட்டியல் போடாமல் ஓர் அரங்கில் நின்று பார்த்ததை நாலு வரி எழுதலாம். ஆனால் அங்கே கொடுத்திருக்கும் குறிப்புகள் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது.

நேரக் கணக்கும் பார்த்துவிடுவோம். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். அப்படியானால் 5 மதிப்பெண்ணுக்கு 9 நிமிடம். முதல் 2 நிமிடம் பேனாவைத் தொடாமல் படத்தை மட்டும் பார்க்கட்டும். எழுத 5 நிமிடம். மீதி 2 நிமிடத்தில் ல, ள, ழ சரியா, 'குடத்தைப் பிடித்து', 'வீட்டுக்குப் போகிறாள்' மாதிரி இடங்களில் ஒற்று விழுந்திருக்கிறதா, 'நிற்கிறாள்' என்று தொடங்கி நடுவில் 'நின்றாள்' என்று மாறிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.