சிறை வடிவமைப்பு: மையக் கோபுரத்தை எடுத்தால் போதுமா?

சென்னைப் புழல் சிறைக்கு நீங்கள் வரைந்த வடிவமைப்பில் “மனிதத்தன்மை இல்லை” என்று நடுவர்கள் குறை சொன்னதாகவும், நடுவிலுள்ள காவல் கோபுரத்தை எடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கோபுரத்தை எடுத்தாலும் அந்தக் குறை நீங்காது.

சிக்கல் அறையில்தான் இருக்க வேண்டும். நடைவழியின் இருபுறமும் அறைகள், உயரத்தில் சிறு துளை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னைப் புழுக்கத்தில் காற்று குறுக்கே ஓடாத அறை, நீதிமன்றம் விதிக்காத இரண்டாவது தண்டனை. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1791-இல் முன்வைத்த, நடுக் கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் கண்காணிக்கும் வட்டச் சிறையில்கூட ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சுவரில் ஜன்னல் உண்டு. ஆனால் அந்த வெளிச்சம் காவலருக்காக. கைதியின் உருவம் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஒன்று செய்து பாருங்கள். வெட்டுத் தோற்றத்தில் (அறையை மேலிருந்து கீழாக வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் வரைபடத்தில்) படுக்கையின் மேல் ஓர் ஆளை உட்காரவைத்து வரையுங்கள். அவருக்கு வானம் தெரிகிறதா? விளக்கில்லாமல் பகலில் படிக்க முடியுமா? காற்று எந்த வழியாக வெளியேறுகிறது? கைதிகளை நடத்தும் முறைக்கான குறைந்தபட்ச விதிகளாக ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 14-ஆவது விதி கேட்பது இயற்கை வெளிச்சமும் புதிய காற்றும்தான்.

ஜன்னலைப் பெரிதாக்கும்போது கம்பி அமைப்பில் கவனம் தேவை. தற்கொலைக்கு அது இடம் கொடுத்துவிடக் கூடாது. ஒருவருக்கான அறையில் மூவரை அடைத்தால் எந்த வரைபடமும் உதவாது. எத்தனை பேருக்கான அறை என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.