நாணும் அம்பும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வில் வேட்டைப் பருவம் நெருங்குகிறது. அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை முதலில் எடுத்துக்கொண்டோம்.

அண்ணாச்சி, என் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். முதல் தடவையாக வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறானாம். போன வருடம் வாங்கிய காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்தது) பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எதிலிருந்து தொடங்கச் சொல்லட்டும்?
(வாசகர், பாளையங்கோட்டை)

முதலில் தாள்களைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். வேட்டை உரிமத்தோடு, வில்லுக்கு மட்டுமான பருவத்துக்குத் தனி ஒப்புதலும் வாங்க வேண்டும். அங்கே பெரும்பாலான நிலம் தனியாருடையது. அதனால் நிலத்துக்காரர் அனுமதி கையில் இல்லாமல் கிளம்பவே கூடாது.

அடுத்தது வில். நாணை விரல் நுனியால் தடவிப் பார்க்கட்டும். பஞ்சு போல இழை எழும்பியிருந்தால் நாண் மெழுகைத் தேய்த்து, விரல் சூட்டில் உள்ளே இறங்க விட வேண்டும். மேலே நூல் சுற்றியிருக்கும் பகுதியில் மெழுகு வேண்டாம். அந்தச் சுற்று விலகி உள்நாண் தெரிந்தாலோ, ஓர் இழை அறுந்திருந்தாலோ மெழுகு போட்டுப் பயனில்லை, நாணையே மாற்ற வேண்டும். வில்லின் இரு கைகளிலும் சக்கரங்களிலும் பஞ்சை ஓட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கீறலில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டினால் அந்த வில்லை இழுக்கவே கூடாது. அம்பு வைக்காமல் நாணை விட்டால் வில் உடைந்து முகத்தில் தெறிக்கலாம். மிக லேசான அம்பும் அதே கெடுதலைத்தான் செய்யும். இழுவிசையின், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசையின், ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்பின் எடை 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது. மான் வேட்டைக்கு மொத்தம் 400 கிரெயினுக்கு மேல், அதாவது சுமார் 26 கிராம், இருப்பது நல்லது.

கார்பன் அம்புகளை ஒவ்வொரு தடவை எய்யும் முன்பும் காதருகே வைத்து லேசாக வளைத்துத் திருப்பட்டும். ‘கிரக்’ என்று சத்தம் வந்த அம்பை இரண்டாக உடைத்துப் போட்டுவிட வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று எடுத்து வைத்தால் என்றாவது ஒருநாள் அதுவே கையில் ஏறும்.

இழுவிசை தாங்குமா என்பதற்கு ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை இலக்குக்கு நேராக நீட்டி, வானத்தைப் பார்க்கத் தூக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும். முடியவில்லையென்றால் இழுவிசையைக் குறைத்துவிட வேண்டும். 60 பவுண்டைத் திணறி இழுப்பவனைவிட 50 பவுண்டைச் சத்தமில்லாமல் இழுப்பவனுக்கே மான் நிற்கும்.

பயிற்சி முனையில் 20 கெஜத்தில் அம்புகள் ஒரே இடத்தில் விழுகின்றன. வேட்டைக்கான பிளேடு முனையை மாட்டினால் இடப்பக்கம் நாலு அங்குலம் போகிறது. குறிகாட்டியைத் திருப்பிச் சரிசெய்தால் போதாதா?
(டல்லாஸிலிருந்து, சொந்த ஊர் தென்காசி)

போதாது. குறிகாட்டியைத் திருப்பினால் பிளேடு முனை சரியாகும், பயிற்சி முனை வலப்பக்கம் போய்விடும். கோளாறு அம்பு வில்லை விட்டுக் கிளம்பும் விதத்தில் இருக்கிறது. அம்பு கொஞ்சம் கோணிக் கிளம்பினாலும் பயிற்சி முனையில் வாலிறகு அதைச் சமாளித்துவிடும். பிளேடோ முன்னால் இன்னோர் இறகு போலக் காற்றைப் பிடித்துத் திருப்பிவிடும்.

முதலில் சட்டத்தில் இறுக்கிய காகிதத்தை இரண்டு மீட்டர் தூரத்தில் நிறுத்தி, அதன் வழியாக எய்யுங்கள். முனை போட்ட ஓட்டைக்கு மேலே வால் கிழித்திருந்தால் நாணில் அம்பு மாட்டும் இடத்தைச் சற்று இறக்குங்கள். கீழே கிழித்திருந்தால் ஏற்றுங்கள். காகிதம் ஒழுங்கானதும் இரண்டு வகை முனையையும் மாற்றி மாற்றி எய்து பாருங்கள். பிளேடு இன்னும் இடப்பக்கமே போனால் அம்பு தாங்கியை வலப்பக்கம் நகர்த்துங்கள். எப்போதும் பயிற்சி முனை விழுந்த பக்கமாகத்தான் நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு போதும். நகர்த்திய பிறகு மூன்று அம்பாவது எய்து பார்க்காமல் மறுபடி தொடாதீர்கள். இரண்டு வகையும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகுதான் குறிகாட்டியில் கை வைக்க வேண்டும்.

எவ்வளவு நகர்த்தினாலும் சேரவில்லையென்றால் அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை. முனையின் எடையை 100 கிரெயினிலிருந்து 125-க்கு ஏற்றினால் அம்பு இளகியது போல வளையும், அதையும் கணக்கில் வையுங்கள். பயிற்சியில் மழுங்கிய பிளேடோடு காட்டுக்குப் போகக் கூடாது. இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டை அழுத்தாமலே அறுக்க வேண்டும், அதுதான் கூர்மை. மழுங்கிய பிளேடு ரத்தக் குழாயைத் தள்ளிவிட்டுப் போகும், அறுக்காது. மான் நாள் கணக்கில் வதைபடும்.

மருமகன் மரத்தில் பரண் கட்டி உட்காரப் போகிறாராம். நம்மூர் காவல் பரணிலிருந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.
(வாசகி, வள்ளியூர்)

உங்கள் பயம் நியாயமானது அக்கா. பரண் வேட்டையில் அம்பைவிடக் கீழே விழுவதுதான் ஆட்களை அதிகம் முடமாக்குகிறது. பலரும் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். மேலே போய்ப் பெல்ட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது தப்பு. முழு உடல் கச்சையைத் தரையிலேயே போட்டு, மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை தொங்கும் உயிர்க்கயிற்றில் கால் எடுத்து வைக்கும் முன்பே கொளுவ வேண்டும். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல், மேலே போனபின் கயிற்றில் கட்டி இழுக்கட்டும். போன வருடம் மரத்திலேயே விட்ட வார்களை நம்பக் கூடாது. வெயில் மக்கடித்திருக்கும், அணில் கடித்திருக்கும். கச்சையில் தொங்க நேர்ந்தால் கால் ஊன்றிக்கொள்ள ஒரு வார் வேண்டும். அது இல்லாமல் அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே ரத்த ஓட்டம் தடைபடும்.

எய்யும்போது இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். கையை மட்டும் தாழ்த்தினால் கண்ணும் நாணும் சேரும் இடம் மாறி, அம்பு மேலே போய்விடும்.

எங்கே குறி வைப்பது? எய்தவுடன் ஓடிப் பின்தொடரலாமா?
(வாசகர், நாங்குநேரி)

குறி நுரையீரல். மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, பின்புறம் லேசாக நம் பக்கம் திரும்பியிருக்கும்போதோ மட்டும் எய்யலாம். எதிரே பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள். நுரையீரலும் இதயமும் சேர்ந்த இடம் 20 செ.மீ. டிபன் தட்டு அளவுதான். தினமும் முதல் அம்பை, கை சூடாகாமல், முழு உடுப்போடு எய்து பாருங்கள். அந்த முதல் அம்பு எந்தத் தூரம்வரை தவறாமல் தட்டுக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் வேட்டைத் தூரம்.

பின்தொடர அவசரம் வேண்டாம். ரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல், அரைமணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம். அம்பில் பச்சைக் கறையும் நாற்றமும் இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சீக்கிரம் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடித் தொலைந்துபோகும்.

வில்வித்தைப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். வில்லைக் காரிலேயே வைக்கலாமா?
(மாணவர், மேலப்பாளையம்)

வேண்டாம் தம்பி. அக்னி நட்சத்திர வெயிலில் பூட்டிய காருக்குள் நாண் மெழுகு உருகும், அம்புக்குள் ஒட்டிய பசை இளகி முனை கழன்றுவரும், வில்லின் கைகளும் பிளவுபடலாம். வீட்டுக்குள் நிழலில் தொங்க விடுங்கள். குற்றாலச் சாரல் நேரத்தில் சக்கர அச்சைத் துடைத்துத் துளி எண்ணெய் விடுங்கள்.

மலையடிவாரத்தில் உளுந்து போட்டிருக்கிறேன். மிளாவும் (கடமான்) புள்ளிமானும் தின்கின்றன. அமெரிக்காவில் போல உரிமம் வாங்கி வில்லால் அடிக்க வழி உண்டா?
(வாசகர், களக்காடு)

இல்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கண்ணி வைப்பதும், விஷம் வைப்பதும், அதற்கு முயல்வதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான், சிறைக்குப் போக வேண்டிவரும். மான் கறியை வைத்திருப்பதும் குற்றம்.

அங்கே உள்ள கதை வேறு. நம் புள்ளிமானை 1932-ல் டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது வந்தேறி விலங்கு. பருவத் தடையில்லாமல் வருடம் முழுக்க வேட்டையாட விடுகிறார்கள். இங்கே அதே மானுக்காக நெல்லை அருகே கங்கைகொண்டானில் 2013-ல் தனிச் சரணாலயமே அறிவிக்கப்பட்டது.

உங்கள் உளுந்துக்கு வழி, வேலிதான். மான் தாண்டாமலிருக்க ஏழெட்டு அடி உயரம் வேண்டும். சூரிய மின்வேலி என்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் ஏற்றினால் மானுக்கு முன் மனிதர் சாவார். மேய்ந்த அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சேதச் சான்று வாங்கி, சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். நாள் தள்ளினால் தடம் அழிந்து, எந்த விலங்கு மேய்ந்தது என்று காட்ட முடியாமல் போகும்.