ஊசி யாருடையது என்ற கேள்வி முடிந்துவிட்டது

கேள்வி (சுருக்கப்பட்டது): என் அப்பாவுக்கு 71 வயது. நீரிழிவுக்காரர், ஒரு நாளைக்கு 4 முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பினாங்கு ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் 9வது மாடியில் இருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் குப்பை அறையில் பையைக் கட்டும்போது, துப்புரவு வேலை செய்யும் அக்காவின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டதாம். பாதுகாவலர் பையைக் கொட்டிப் பார்த்தபோது அப்பாவின் பெயர் ஒட்டிய மருந்துப் பொட்டலம் கிடைத்திருக்கிறது. நிர்வாகக் குழுத் தலைவர் அதைப் படம் எடுத்து, 200 பேருக்கு மேல் இருக்கும் எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார். கார் நிறுத்தும் இடத் தகராறில் எங்கள் மேல் அவருக்கு ஏற்கனவே கோபம். "எங்கள் பணிப்பெண்தான் தெரியாமல் போட்டுவிட்டாள், அப்பாவை இதில் இழுக்காதீர்கள்" என்று நான் பதில் போட்டேன். இப்போது நிர்வாகம் 5,000 ரிங்கிட் அபராதம் கேட்கிறது. சுற்றுச்சூழல் துறைக்குப் போனால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டியிருக்கும் என்றும் மிரட்டுகிறது. அந்த அக்காவின் மகன் 8,000 ரிங்கிட் கேட்கிறான், தராவிட்டால் போலீஸுக்குப் போவானாம். அவர் கையுறைகூடப் போடவில்லை. இது பிளாக்மெயில் இல்லையா? 32 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த அப்பா இப்போது லிஃப்டில் ஏறவே கூசுகிறார். தலைவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? ஊசி எங்களுடையதே இல்லை என்று போலீஸில் ரிப்போர்ட் செய்துவிடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். எனக்குத் தேவைப்பட்டது ஒரே வரி. "எங்கள் பணிப்பெண்தான் தெரியாமல் போட்டுவிட்டாள்."

அப்பாவைக் காப்பாற்ற எழுதிய அந்த வரி, உங்கள் எதிர்வாதத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அதை எழுதும் வரைக்கும் அவர்கள் கையில் இருந்தது பெயர் ஒட்டிய ஒரு பொட்டலம் மட்டும்தான். ஒரு மாடிக்கே பொதுவான குப்பை அறையில், பல வீட்டுப் பைகளுக்கு நடுவே கிடந்த பொட்டலம். பொட்டலம் அப்பாவுடையதாக இருக்கலாம், குத்திய ஊசியும் அவருடையதுதான் என்று யார் சொன்னது? நல்ல வழக்கறிஞர் ஒருவர் இதை வைத்தே ஒரு நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்திருப்பார். இப்போது அந்தக் கேள்விக்கு நீங்களே 200 பேர் முன்னிலையில் பதில் சொல்லிவிட்டீர்கள். பதிவை அழிப்பதால் ஒன்றும் ஆகாது, யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். உங்கள் பெயரில் வெளியான பதிவை நீங்கள்தான் போட்டீர்கள் என்று அனுமானிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு இடம் தருகிறது. இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

பணிப்பெண்ணைக் கை காட்டினால் தப்பிவிடலாம் என்று நினைத்தீர்கள். சட்டம் நேர் எதிராகப் போகிறது. வேலையின்போது வேலையாள் செய்த கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பு. அடுத்து அவளிடம் கேட்கப்போகும் கேள்வி, "ஊசியை எதில் போடச் சொன்னார்கள்?" என்பது. அவள் உண்மையைச் சொன்னால், யாரும் எதுவும் சொல்லவில்லை என்பாள். ஒரு நாளைக்கு 4 ஊசி, ஆண்டுக்கு 1,460. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஊசி தனி. இத்தனையும் ஒரு வீட்டிலிருந்து வெளியே போகிறது, அதற்கென்று ஒரு புட்டிகூட வீட்டில் இல்லை என்றால், "எதிர்பாராத விபத்து" என்ற வாதம் நீதிமன்றத்தில் பத்து நிமிடம் தாங்காது.

மற்ற புகார்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 5,000 ரிங்கிட் அபராதத்தைக் கட்டாதீர்கள். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, துணை விதியை மீறியதற்கு நிர்வாகம் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 200 ரிங்கிட். அதுவும் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டிருந்தால்தான். சுற்றுச்சூழல் துறை என்பது வெறும் பூச்சாண்டி. 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் வரும் மருத்துவக் கழிவுப் பிரிவு, மருத்துவமனை, கிளினிக், ஆய்வுக்கூடம் போன்ற இடங்களை மனத்தில் வைத்து எழுதியது. இன்சுலின் ஊசிக்காக ஒரு வீட்டுக்காரர் மேல் அந்த விதியில் வழக்குப் போட்டதை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. கோலாலம்பூரில் இருக்கும் உறவினர் யாராவது 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் அதையும் விட்டுவிடுங்கள், பினாங்கு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. மானநஷ்ட வழக்கு? பொட்டலம் அப்பாவுடையது, ஊசி உங்கள் வீட்டுடையது. உண்மையைச் சொன்னதற்கு மானநஷ்டம் கிடைக்காது. அடையாள அட்டை எண் தெரியும்படி படம் போட்டிருந்தால் அது அநாகரிகம், படத்தைச் சேமித்து வையுங்கள், சமரசப் பேச்சில் உதவும். கார் நிறுத்தும் இடக் கதையை மறந்துவிடுங்கள்.

பிளாக்மெயிலும் இல்லை. காயம் பட்டவர் இழப்பீடு கேட்கலாம், போலீஸுக்கும் போகலாம். உயிருக்கு ஆபத்தான தொற்றைப் பரப்பக்கூடிய செயலைக் கவனக்குறைவாகச் செய்வது தண்டனைச் சட்டத்தின் 269வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை தரக்கூடிய குற்றம். உங்கள் விஷயத்தில் அது அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் "இது சிவில் விஷயம், போலீஸுக்கு என்ன வேலை" என்று அந்தப் பையனிடம் வீராப்புப் பேசாதீர்கள்.

கையுறை விஷயத்தை எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். குப்பை அறையில் கொடுக்கும் மெல்லிய ரப்பர் கையுறைக்கு ஊசியைத் தடுக்கும் சக்தி கிடையாது. அதனால் தொகையில் கொஞ்சம் குறையலாம், பொறுப்பு போகாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அக்கா துப்புரவுக் குத்தகை எடுத்த நிறுவனத்தின் ஊழியர் என்பதால் சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) வரும், நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் அறிவித்திருக்க வேண்டும். "சொக்சோ கொடுத்துவிடும், நமக்கென்ன" என்று ஆறுதல் சொல்பவர்கள் சட்டத்தைப் பாதிதான் படித்தவர்கள். சொக்சோ சட்டத்தின் 31வது பிரிவு, ஊழியர் தன் முதலாளி மேல் வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. மூன்றாம் நபர் மேல் போடுவதை அது தடுக்கவில்லை. குத்தகை நிறுவனத்தின் கதவு அவருக்கு மூடியிருக்கிறது, திறந்திருப்பது உங்கள் வீட்டுக் கதவு. சொக்சோ கொடுத்த பணத்தைக் கழித்துக்கொள் என்று நீங்கள் கேட்கவும் முடியாது. குடிமைச் சட்டத்தின் 28ஏ பிரிவு அப்படி.

இனி, ஆட்கள் விழுந்துபோன குழிகள்.

ஊசி உங்களுடையது இல்லை என்று போலீஸ் ரிப்போர்ட் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது, கனவிலும் கூடாது. உங்கள் புலனப் பதிவு ஒரு கையிலும் ரிப்போர்ட் மறு கையிலும் இருந்தால், அடுத்து விசாரிக்கப்படுவது ஊசி அல்ல, நீங்கள். அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணிப்பெண்ணை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள், இந்த மாதிரி வழக்கில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அனுப்பாதீர்கள். கையில் இருந்த சாட்சியை ஒதுக்கிவிட்டால், அந்தச் சாட்சியம் உங்களுக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிபதி அனுமானிக்கலாம். அவளைத் திட்டி, "நான்தான் தவறு செய்தேன்" என்று எழுதி வாங்கவும் வேண்டாம். அந்தத் தாளும் உங்களையே குத்தும்.

ரத்தம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நான்கு பக்கத்தில் அந்தச் சொல் ஒருமுறைகூட வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்தார். இதே கதைதான், மனைவியின் ஊசி, பக்கத்துத் தெருவில் குப்பை எடுப்பவர். நல்ல மனிதர், மறுநாளே 3,000 ரிங்கிட் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில், "ஊசி குத்தியதற்கு மருத்துவச் செலவு பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்திரமாக என் மேசையில் எடுத்து வைத்தார். அவர் அதைக் கேடயம் என்று நினைத்திருந்தார். ஏழு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கடிதம் வந்தது: ஹெப்படைட்டிஸ் பி. குத்திய அன்று யாரும் அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. நோய் முன்பே இருந்ததா, ஊசியால் வந்ததா? எங்களாலும் சொல்ல முடியவில்லை, அவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தத் தாள் பேசியது. உன் ஊசி இல்லையென்றால் ஏன் பணம் கொடுத்தாய்? "இத்துடன் கணக்கு முடிந்தது" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. கடைசியில் அவர் கொடுத்தது 3,000ஐப் போலப் பல மடங்கு.

அதனால் அந்த அக்காவுக்கு முதல் பரிசோதனை நடந்ததா என்று இன்றே கேளுங்கள். நடக்கவில்லை என்றால், இப்போதாவது உங்கள் செலவில் நடக்கட்டும். தொற்று ஏறியிருந்தாலும் முதல் நாட்களில் ரத்தத்தில் தெரியாது. ஆரம்பத்தில் எடுத்த முடிவில் நோய் தெரிந்தால், அது பழையது என்று வாதிட உங்களுக்கு இடம் உண்டு. இந்தச் செலவு இரக்கத்துக்காக மட்டும் அல்ல, உங்களுக்கான காப்பும் இதுதான். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று மறுபரிசோதனை. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. வளர்ந்த மகன் உள்ள பெண் அதற்கு முன் பிறந்தவராகத்தான் இருப்பார், தடுப்பூசி போட்டிருக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், மருத்துவ ஊழியர்களை வைத்துச் சொல்லப்படும் கணக்கில் எச்ஐவி ஏறும் வாய்ப்பு சுமார் 0.3 விழுக்காடு. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி 6 முதல் 30 விழுக்காடு வரை. பயப்பட வேண்டியது எது என்று புரிகிறதா?

அப்பாவுக்கும் பரிசோதனை எடுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும். ஆசிரியராக இருந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் ரத்தம் சுத்தமாக இருந்தால், அவர் ஊசியிலிருந்து நோய் வந்திருக்க வழியில்லை. வழக்கு அப்போதே சுருங்கி, பரிசோதனைச் செலவு, இழந்த கூலி, சில மாத மன உளைச்சல் என்ற அளவில் நின்றுவிடும். ஊசி யாருடையது என்று ஒரு வருடம் சண்டை போட்டாலும் கிடைக்காத பலன், ஒரு குழாய் ரத்தத்தில் கிடைக்கிறது. முடிவு மோசமாக வந்தால் உடனே அந்தப் பெண்ணின் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், மறைப்பதற்கு நான் துணை வரமாட்டேன். முதல் 72 மணி நேரத்தில் தொடங்க வேண்டிய எச்ஐவி தடுப்பு மருந்துக்குக் காலம் போய்விட்டது. இனியும் தாமதித்தால் அதற்கு நீங்கள்தான் காரணம் என்று எழுதுவார்கள்.

சமரசம் செய்யுங்கள். 8,000 என்பது கொஞ்சம் கூடுதலான ஆரம்பத் தொகை, பேசலாம். ஆனால் விசாரணை வரை போனால் என் கட்டணமே அதைத் தாண்டும், வழக்குப் போட அவருக்கு 6 ஆண்டு அவகாசம் வேறு இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் காப்பு உண்டு. ஆனால் நிறுவனத்தைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொண்டாலோ பணம் கொடுத்தாலோ கையை விரித்துவிடுவார்கள். நீங்கள் ஏற்கனவே ஒருமுறை ஒப்புக்கொண்டாயிற்று, இரண்டாவது முறை வேண்டாம். பேச்சு எல்லாம் எழுத்தில், "வித்தவுட் பிரெஜுடிஸ்" என்று தலைப்பிட்டு, வழக்கறிஞர் வழியாக நடக்கட்டும். அப்படிப் பேசியதை நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

தொகையை இரண்டாகப் பிரியுங்கள். பரிசோதனைச் செலவும் கூலியும் இப்போதே, மீதி ஆறாவது மாத முடிவு வந்த பிறகு, "இத்துடன் கணக்கு முடிந்தது" என்று சொல்லும் முழு விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்தான அன்று. பத்திரத்தில் அப்பா, நீங்கள், பணிப்பெண் மூன்று பேர் பெயரும் வர வேண்டும். பொறுப்பை ஏற்காமல் கொடுப்பதாக ஒரு வரி இருக்க வேண்டும். அந்த அக்கா படிக்கும் மொழியில் ஒரு பிரதி தயாராகட்டும். முடிந்தால் பினாங்கில் உள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்துக்கு அவரைப் போய்வரச் சொல்லுங்கள். தனியாக ஆலோசனை கேட்டவர், பின்னால் "புரியாமல் கையெழுத்துப் போட்டேன், நெருக்கினார்கள்" என்று சொல்வது கடினம். "போலீஸுக்குப் போகமாட்டேன்" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்றப் புகாரைப் பணம் கொடுத்து அமுக்கும் ஒப்பந்தம் செல்லாது. அந்த ஒரு வரி பத்திரத்தையே கெடுப்பதோடு, உங்களைப் புதிய குற்றத்துக்கும் இழுத்துவிடும்.

ஊசிக்கு ஒரு ஏற்பாடு இன்றே தேவை. துணி துவைக்கும் திரவம் வரும் கெட்டி பிளாஸ்டிக் புட்டி, திருகு மூடி, மேலே பெரிய எழுத்தில் "ஊசி". தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி அதன் பக்கவாட்டில் குத்தி வெளியே வரும். முக்கால் பங்கு நிறைந்ததும் அப்பா மருந்து வாங்கும் அரசாங்க கிளினிக்கின் மருந்தகத்தில் கேட்டு ஒப்படையுங்கள். வாங்கிய ரசீதையும் புட்டியின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நடக்கும்போது உங்கள் பையிலிருந்து இன்னோர் ஊசி வெளியே வந்தால், நான் மேலே எழுதிய எதுவும் உதவாது.

புலனக் குழுவிலிருந்து வெளியேற வேண்டாம், யார் என்ன போடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். பதில் மட்டும் போடாதீர்கள், ஒரு கும்பிடு பொம்மைகூட.