ஆட்டிசம்: “எதனால் வந்தது டாக்டர்?”

மகனுக்கு இரண்டரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் கொலுசு வேலை நடக்கிறது, சலங்கை முத்துகளை மணிக்கணக்கில் வரிசையாக அடுக்குகிறான், ஒன்றை நகர்த்தினாலும் ஒரே அழுகை. மாசமாக இருந்தபோது நான் வேலைக்குப் போனதும், அப்புறம் செல்போன் கொடுத்துப் பழக்கியதும்தான் காரணம் என்கிறார் மாமியார். (சிவதாபுரம்)

நீங்கள் வேலைக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைம்மா. மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். தாய்ப்பாசம் போதாததால்தான் ஆட்டிசம் (பேச்சும் பிறரோடு பழகுவதும் மற்ற குழந்தைகளைப் போல அமையாத மூளை வளர்ச்சி வேறுபாடு) என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள், எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்! 1977இல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது அதிகம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு, ஏறக்குறைய 80 சதவீதம் என்கின்றன. அதுவும் ஒரே ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கானவை. குறைமாதப் பிரசவம், பெற்றோரின் வயது, கர்ப்பத்தில் சாப்பிட்ட வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை, இவையும் வாய்ப்பைக் கூட்டலாம். (அந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.)

செல்போனால் ஆட்டிசம் வந்ததாக எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. ஆனால் பேச்சு வர எதிரில் முகம் பார்த்துப் பேச ஆள் வேண்டும், அதனால் போனை எடுத்து வைத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று நான் சொல்ல முடியாது. முதலில் காது கேட்கிறதா என்று பெரா டெஸ்ட் எடுங்கள், அப்படியே சேலம் ஜி.எச்.சில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் காட்டுங்கள். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். முத்து வாய்க்குள் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேத்தி நாலைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது ஊசிக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது அவள் தம்பிக்கு ஊசி போடப் பயமாக இருக்கிறது. (ஏற்காடு)

உங்கள் பயம் புரிகிறது ஐயா, ஆனால் தம்பிக்கு ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டம்மை, ரூபெல்லா இரண்டாவது ஊசி 16 முதல் 24 மாதத்துக்குள் போடுகிறோம், சில குழந்தைகளுக்குப் பேசிய பேச்சு நின்றுபோவதும் அதே வயதில்தான். இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றால் மற்றது வந்ததுபோலத் தெரிகிறது. 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரைதான் இந்தச் சந்தேகத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. 2010இல் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் ரத்தானது. 2019இல் டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பார்த்தார்கள், ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை. தட்டம்மையோ மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோய் விடலாம்.

பேச்சு நின்றது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய விஷயம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவது சிரமம்தான், இருந்தாலும் இந்த வாரமே பேத்தியைக் கூட்டி வாருங்கள். அவளுக்கு ஆட்டிசம் என்று உறுதியானால் தம்பிக்கும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஐந்தில் ஒன்று என்ற அளவில். ஒரு வயதையொட்டி வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, பேருக்குத் திரும்புகிறானா என்று கவனியுங்கள்.

மாமன் மகளைக் கட்டியதால் வந்ததா? (ஆத்தூர்)

அதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. சொந்தத்தில் கட்டும்போது சில மரபணுக் கோளாறுகள் வெளிப்படும் வாய்ப்பு கூடும், அவற்றில் சில ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். சொந்தத்தில் கட்டாத தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் ஆட்டிசம் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? (சூரமங்கலம்)

வேண்டவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் சொல்லிவிட்டது. பணம் இருந்தால் பேச்சுப் பயிற்சிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி) செலவழியுங்கள், அங்கே கற்றதை வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் குளிக்கும் நேரத்திலும் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.