கோயம்புத்தூரும் நீலகிரியும்: மலையகத்தவருக்கான கேள்வி பதில்

ஐயா, குடும்பத்தோடு கோயம்புத்தூர் செல்ல எண்ணியுள்ளோம். எந்த வழி வசதியானது? (ஹட்டன் வாசகர்)

இணையத்தில் விசா பெற்றுக்கொண்டு, கொழும்பிலிருந்து நேரடி விமானத்தில் திருச்சிராப்பள்ளியில் இறங்குங்கள். அங்கிருந்து கரூர் வழியாகப் புகையிரதத்திலோ பஸ்ஸிலோ ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம்.

நகரத்தில் எத்தனை நாள் தங்கலாம்? (பண்டாரவளை ஆசிரியை)

இரண்டு நாள் போதும். துணிமணிக்கு ஒப்பணக்கார வீதியும் கிராஸ்கட் சாலையும் உள்ளன. கோவை கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அதன் கல்லின் கனத்தை விமானப் பொதியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். கடைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு காலைப்பொழுதையாவது நொய்யல் கரையிலுள்ள பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்குக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். கனகசபை மண்டபத் தூண்களில் ஆளுயரத்துக்கு மேலாக நிற்கும் சிற்பங்களின் விரல் நகம் வரை உளி சென்றிருக்கிறது.

ஊட்டி மலை ரயிலில் செல்லலாமா? குளிர் எப்படி? (நானுஓயா வாசகர்)

கட்டாயம் செல்லுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுவதை நம் மலையக ரயில் பாதையில் காண முடியாது. வண்டி காலை ஏழு மணியளவில் புறப்படுவதால் முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்குவதும், இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்வதும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து சேவை நிற்பதுண்டு. நுவரெலியாவில் அணியும் கம்பளிச் சட்டையே அங்கும் போதும்.

எழுபதுகளில் இந்தியா சென்ற என் பெரியப்பாவின் கடைசிக் கடிதம் கோத்தகிரியிலிருந்து வந்தது. அவர் குடும்பத்தைத் தேட இயலுமா? (பதுளை வாசகர்)

இயலும். உங்கள் பயணத்தின் முதன்மையான நோக்கம் இதுவாகவே இருக்கட்டும். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் குடியுரிமையற்றிருந்த இந்திய வம்சாவளியினருள் 525,000 பேரை இந்தியாவின் பங்காக ஒதுக்கியது. அவர்களுள் பலர் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக, பழகிய தொழிலைத் தேடி நீலகிரிக்கு வந்தனர். அவர்களுக்கு வேலை அளிக்கவே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கு தேயிலை பயிரிடத் தொடங்கியது. பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) எனப் பெயர்பெற்ற அத்தோட்டங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் பரந்துள்ளன.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நேரடி பஸ் உண்டு. கடித உறையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அஞ்சல் முத்திரையில் உள்ள ஊரிலிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். பெரியப்பாவின் பெயரை மட்டும் சொல்லாமல், இலங்கையில் அவர் இருந்த தோட்டத்தையும் டிவிஷனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்குள்ள முதியவர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களை இன்றும் சிலோன்காரர் என்றே அழைக்கின்றனர்.

வெறுங்கையோடு போகாதீர்கள். நான் ஒரு வீட்டுக்கு அரைக் கிலோ டிக்கோயாத் தேயிலை கொண்டு சென்றேன். வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்த அந்தப் பெரியம்மா பொதியைப் பிரிக்காமலே நெடுநேரம் முகர்ந்துவிட்டு, அதைச் சாமிப் படத்தின் அருகே வைத்தார். பிறகுதான் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.